ஐந்தடி ஒன்பது இருக்கிற பையனுக்கு எதற்கு இந்த ஆபரேஷன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலெலும்பை வெட்டி நீட்டி உயரத்தைக் கூட்டும் அறுவை சிகிச்சை பற்றி உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. குள்ளமாக இருக்கிறவர்கள் படும் கேலி, ஆகும் செலவு, வலி எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி செய்கிறேன், எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்கள், ரிங் போட்டவர்கள்தான் (காலைச் சுற்றி வெளியே வளையங்களை மாட்டி, அதிலிருந்து கம்பிகளை எலும்புக்குள் குத்தி நிறுத்துவதைத்தான் ரிங் என்கிறோம்) என்னிடம் அதிகம் வருவார்கள். இந்த நீட்டும் ஆபரேஷனைப் பற்றி என்னிடம் வந்து கேட்கிற பையன்களில் பலர் குள்ளமே கிடையாது. ஐந்தடி எட்டு, ஐந்தடி ஒன்பது, ஒருவன் ஐந்தடி பத்து. சராசரியைவிட உயரமான ஆண்கள். இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, இவர்களுக்கு "வேண்டாம்" என்று நேராகச் சொல்லவும் ஆள் இல்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். 2016இல் உலக நாடுகளின் உயரங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. அதன்படி 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் கிட்டத்தட்ட 165 செ.மீ., அதாவது ஐந்தடி ஐந்து. பெண்களுக்கு 153க்கும் கொஞ்சம் குறைவு. ஐந்தடி ஒன்பது என்றால் 175 செ.மீ. ஊர்க்கூட்டத்தில் நின்றால் பெரும்பாலான தலைகளுக்கு மேல் இவன் தலை தெரியும். தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு ஆண்களிடம் கேட்கிற உயரமே பொதுவாக 170தான், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. எங்கள் பக்கத்தில் விடிகாலையில் எழுந்து கிரவுண்டில் ஓடிக் கயிறு ஏறிப் பயிற்சி எடுக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு செ.மீ., அரை செ.மீ. எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், 169.5 வந்து திரும்பிய பையனுடைய அம்மா அழுததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 175 செ.மீ. இருந்துகொண்டு 182க்கு ஆசைப்படுவதற்கு என்ன காரணம்? வேலை கிடைக்காமல் போகவில்லை. பெண் கிடைக்காமல் போகவில்லை. செல்போனில் யாரோ ஒருவன் ஆறடி இல்லாதவன் ஆம்பளையே இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

போன மாதம் வந்த பையன் வியாசர்பாடிக்காரன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனி வேலை, சனி ஞாயிறு வந்தால் ஃபுட்பால். ஐந்தடி ஒன்பது. "அண்ணா, மூணு இஞ்ச் ஏத்திக்கலாம்னு இருக்கேன், லோன் கூடப் பேசிட்டேன், அப்புறம் பிசியோ உங்ககிட்டயே பண்ணிக்கிறேன்" என்றான். ஏதோ பல்லுக்கு க்ளிப் போடுவது மாதிரி. நான் அவனைத் திட்டவில்லை. தரையில் குந்தி உட்காரச் சொன்னேன். இரண்டு குதிகாலும் அப்படியே தரையில் பதிய உட்கார்ந்தான், கையை ஊன்றாமல் எழுந்தான். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே இருபது முறை செய்தான். இந்த இரண்டையும் மறுபடி செய்ய வைப்பதற்காகத்தான் நான் மாதக்கணக்கில் ஒவ்வொரு நோயாளியோடும் மல்லுக்கட்டுகிறேன், சிலருக்குக் கடைசி வரை வருவதே இல்லை.

அந்த ஆபரேஷன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பையன்கள் ரீல்ஸில் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது முதல் நாளையும் கடைசி நாளையும்தான். நடுவில் இருப்பதை நான் சொல்கிறேன். தொடையெலும்பையோ கணுக்காலுக்கு மேலே இருக்கும் முன்னங்கால் எலும்பையோ வெட்டுகிறார்கள், இரண்டு காலிலும். ஐந்து முதல் ஏழு நாள் சும்மா விடுகிறார்கள், வெட்டிய இடத்தில் புது எலும்புக்கான திசு ஊற ஆரம்பிக்கும். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இரண்டு துண்டையும் விலக்கிக்கொண்டே போகிறார்கள். அந்த ஒரு மில்லிமீட்டரையும் ஒரே தடவையில் இழுக்கக் கூடாது, கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. வேகம் கூடினால் எலும்பு ஊறாமல் இடைவெளியாகவே நின்றுவிடும், குறைந்தால் நீள்வதற்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். மூன்று அங்குலம் என்றால் 75 மில்லிமீட்டருக்கு மேல். இழுப்பதற்கே இரண்டரை மாதம். அத்தோடு முடியவில்லை, இழுத்த இடத்தில் இருப்பது எக்ஸ்ரேயில் மேகம் மாதிரி தெரியும் இளம் எலும்பு, அது இறுகுவதற்கு இழுத்த காலத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும், ஆளைப் பொறுத்து இன்னும் கூட. சிகரெட் பிடிக்கிறவனாக இருந்தால் இன்னும் தாமதம். ஆக, எல்லாம் ஒழுங்காகப் போனால் முக்கால் வருடம், ஒரு வருடம்.

எலும்பு வளர்ந்துவிடும், எலும்பின் பெருமையே அதுதான். பிரச்சினை எலும்பில் இல்லை. எலும்போடு சேர்ந்து சதை வளர மறுக்கிறது, நரம்பு வளர மறுக்கிறது. கெண்டைக்கால் சதையும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தடித்த தசைநாரும் இழுபட்டு இழுபட்டு விறைத்துக்கொள்ளும், குதிகால் மெல்ல மெல்லத் தரையைவிட்டு மேலே எழும்பும். கவனிக்காமல் விட்டால் நுனிக்காலில்தான் நிற்க முடியும், பிறகு அந்தத் தசைநாரை நீளமாக்க இன்னொரு ஆபரேஷன். தொடையெலும்பை நீட்டினால் முழங்கால் மடங்காது. இதற்காகத்தான் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொல்கிறோம், முழங்காலை மடக்கி மடக்கி விடுகிறோம். அந்த அறையில் கேட்கிற சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், சின்ன எலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. அதுதான் பாதத்தை மேலே தூக்க வைக்கிற நரம்பு. இழுப்பு தாங்காமல் அது சோர்ந்துபோனால் முதலில் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், பெருவிரல் தூக்க வராது, அப்புறம் பாதமே தொங்கிப்போகும். சீக்கிரம் கண்டுபிடித்து இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். பெரும்பாலும்தான். இதையெல்லாம் தவிர கம்பி குத்திய இடங்களில் சீழ் பிடிப்பது, காலில் ரத்தம் உறைவது, எலும்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பது என்று இருக்கிறது, கடைசியில் சொன்னது அபூர்வம், ஆனால் உயிரை எடுக்கும்.

இப்போது ரிங் எல்லாம் பழசு, எலும்புக்குள்ளேயே காந்தத்தால் நீளுகிற கம்பி வைக்கிறார்கள், வெளியே ஒன்றும் தெரியாது என்பார்கள். உண்மைதான். 2011இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி வந்த முறை அது, தொடைக்கு மேலே ஒரு கருவியை வைத்தால் உள்ளே இருக்கும் கம்பி தானாக நீளும். கம்பி குத்திய புண் இருக்காது, சீழ் குறைவு. ஆனால் சதைக்கும் நரம்புக்கும் எந்தக் கருவி இழுக்கிறது என்பதா முக்கியம்? அதே மில்லிமீட்டர்தான், அதே விறைப்புதான். முழு எடையையும் காலில் போட்டு நடக்கலாம் என்று சொல்லி வந்த ஒரு வகை எஃகுக் கம்பியை, அது அரித்து எலும்பைப் பாதிப்பதாகத் தெரிந்து, 2021இல் தயாரித்தவர்களே திரும்பப் பெற்றார்கள். தவிர, உள்ளே வைத்த கம்பியை ஒரு வருடமோ அதற்கு மேலோ கழித்து எடுப்பதற்கு மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். முன்னங்கால் எலும்பில் வைத்தால் முழங்காலுக்குப் பக்கத்தில் திறந்துதான் வைக்கிறார்கள், பல வருடம் ஆன பிறகும் மண்டியிட்டால் வலிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் மண்டியிடுகிற ஊர் இது.

நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரி இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இதைக் கண்டுபிடித்த இலிசாரோவ் சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் டாக்டராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கால் சிதைந்து ஒட்டாத எலும்போடு வந்தவர்களுக்காக 1950களின் தொடக்கத்தில் இந்த ரிங் கருவியைச் செய்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல் அடுத்த வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் நடக்க முடியாமல் குர்கானுக்குப் போய், குட்டையாகிப்போன காலை நீட்டிக்கொண்டு மறுபடியும் தாண்டினார். 1980களில்தான் இத்தாலி வழியாக இது மற்ற நாடுகளுக்குப் போனது. எங்கள் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியின் அடியில் போன கால்களை இந்த ரிங்தான் காப்பாற்றியிருக்கிறது, இல்லாவிட்டால் முழங்காலோடு எடுத்திருப்பார்கள். போலியோவில் ஒரு கால் சூம்பிப்போன அக்காக்கள் அண்ணன்கள் எத்தனையோ பேர் இதனால் செருப்பில் கட்டை வைக்காமல் நடக்கிறார்கள், 2011க்குப் பிறகு இந்த நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் புதிதாக யாருக்கும் அந்த நோய் வரவில்லை என்பது பெரிய நிம்மதி. இயந்திரத்தில் சிக்கிய கைகளைச் சரிசெய்வதற்கென்றே 1971இலேயே ஸ்டான்லியில் தனிப் பிரிவு தொடங்கிய பகுதி எங்களுடையது. போனதைத் திரும்பக் கொண்டுவர வைத்தியம் என்னவெல்லாம் செய்யும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒன்றும் போகாத காலை அந்த மேஜையில் கொண்டுபோய் வைப்பதைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

என்னிடம் வரும் துறைமுக லோடுமேன் ஒருவருக்கு முன்னங்கால் எலும்பு துண்டு துண்டாகி, ஒட்டாமல், கடைசியில் ரிங் போட்டார்கள். கீழே குடித்தனம், மேலே இவர்கள், ஒரு ஆள் மட்டும் ஏறுகிற இரும்புப் படி. கழிவறை கீழே. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு என்று அவருடைய மனைவிதான் நட்டைத் திருகுவார். பைக் மெக்கானிக் வைத்திருக்கிற அதே பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான், கால் சுற்று, அவ்வளவுதான். அதைத் திருகும்போது அந்த அம்மா கணவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், நட்டில் பெயின்ட்டால் வைத்த புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார், புள்ளி அடுத்த கோட்டுக்கு வந்ததும் ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் கம்பி குத்திய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைப்பார். கணவர் வேலைக்குப் போகவில்லை, அந்த அம்மாவும் இட்லிக் கடையை மூடிவிட்டார். வியாசர்பாடிப் பையன் வந்த அன்று இவர்களும் இருந்தார்கள், பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த லோடுமேன் பையனிடம் "நல்லா இருக்குற கால எதுக்கு நைனா ஒடைக்கப் போற?" என்று மட்டும் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. அவருக்கு ரிங் போட்டது ஒரு காலில்தான், இவன் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொள்ளப் பார்க்கிறான்.

சரி, சராசரிக்குக் கீழே இருப்பவன் செய்துகொள்ளலாமா என்று கேட்பீர்கள். ஐந்தடிக்கும் குறைவாக இருக்கிற ஒரு ஆள் இதைப் பற்றி யோசித்தால் நான் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்வேன், முடிவு அவருடையது. பஸ்ஸில் கம்பி எட்டாது, முப்பது வயதில் பள்ளிக்கூடப் பையன் என்று நினைத்து ஒருமையில் பேசுவார்கள், கடைகளில் சட்டை கிடைக்காது. இரண்டு மூன்று அங்குலம் கூடினால் அவர் வாழ்க்கையில் ஏதோ ஒன்று மாறும், அதற்காகப் பணயம் வைக்கிறார், புரிகிறது. ஐந்தடி ஒன்பது இருக்கிறவனுக்கு என்ன மாறப்போகிறது? பஸ் கம்பி ஏற்கெனவே எட்டுகிறது. கல்யாணத் தரகர் ஏற்கெனவே "பையன் நல்ல உயரம்" என்று எழுதுகிறார். மாறப்போவது ஒரு எண் மட்டும். ஆனால் பணயம் வைப்பது அதே கால், அதே நரம்பு. உயரமாக இருக்கிறவனுக்கு ஆபத்தில் தள்ளுபடி எதுவும் கிடையாது. கை நீளாது, உடம்பு நீளாது, கால் மட்டும் நீண்டு நிற்கும். விளையாடுகிற பையனாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம், ஓடும்போது கிளம்புகிற வேகமும் எம்பும் உயரமும் பழையபடி வந்ததாக நீட்டிக்கொண்டவர்களில் பலர் சொல்வதில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது. 175இல் நிம்மதி இல்லாதவனுக்கு 182இல் மட்டும் நிம்மதி எங்கிருந்து வரும்? 188 இருக்கிறவன் பக்கத்தில் நிற்கத்தானே போகிறான். உடம்பில் இல்லாத குறையை இருப்பதாகவே எண்ணி எண்ணித் தூக்கத்தைத் தொலைப்பதை மனநல மருத்துவர்கள் நோயாகவே பார்க்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் உண்டு. கத்தி வைத்தால் அது தீர்வதில்லை, இடம் மாறுகிறது. இந்தத் துறையில் பொறுப்பாக இருக்கிற சர்ஜன்கள் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்புவதற்குக் காரணம் அதுதான். அதைக் கேட்டதும் பையன்கள் அடுத்த டாக்டரைத் தேடுகிறார்கள், அதுதான் வேதனை.

"அவன் உடம்பு, அவன் காசு, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். காசு பல லட்சம், அதில் பெரும்பாதி கடன். உடம்பு அவனுடையதுதான், ஆனால் அவனைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவது அம்மாவும் தம்பியும்தான். 2016இல் ஹைதராபாத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஐந்தடி ஏழு இருந்த ஒரு மென்பொருள் ஊழியர் வீட்டுக்குச் சொல்லாமலே போய் இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டார். காணவில்லை என்று தேடிய பெற்றோர் கடைசியில் அவரை மருத்துவமனைக் கட்டிலில் பார்த்தார்கள். விஷயம் பெரிதாகி மாநில மருத்துவ கவுன்சில் வரை போய், அறுவை செய்த மருத்துவர் மீது நடவடிக்கை எடுத்தார்கள். ஐந்தடி ஏழும் இந்த நாட்டில் சராசரிக்கு மேல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். சீனாவில் அழகுக்காக இதைச் செய்து கால் கோணிப்போனவர்கள் பெருகியதால் 2006இல் அரசே தடை போட்டது, மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும்தான் செய்யலாம் என்றார்கள். நம் ஊரில் தடை போட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். உயரத்தைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வது 1954இல் வந்த சட்டப்படியே குற்றம், ஆள் உயரம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் ஆள் பிடிக்க விளம்பரம் செய்யக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அப்படியிருக்கும்போது "மூன்று அங்குலம், மூன்றே மாதம்" என்று எங்கள் பிள்ளைகளின் செல்போனில் தினமும் வருகிறதே, அதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டியது யார்? தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இதைப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும் முன் மனநல மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், முதலில் கேட்ட நாளுக்கும் அறுவைக்கும் நடுவில் ஆறு மாதமாவது இடைவெளி வேண்டும், சராசரியைவிட உயரமான ஒருவர் கேட்டால் ஏன் செய்கிறோம் என்பதை மருத்துவர் எழுதி வைக்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது நீட்டிக்கொண்டு வந்தவரின் முன்–பின் படத்தை மட்டும் போடாமல், அந்த நடு மாதங்களில் வீட்டில் ஸ்பேனர் பிடித்தவர்களிடமும் பேசுங்கள்.

வியாசர்பாடிப் பையன் இன்னும் முடிவு செய்யவில்லை, லோன் பேப்பர் அவனிடம்தான் இருக்கிறது. அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவன் வயதில் வீட்டில் பிள்ளை வைத்திருக்கிற உங்கள் வாசகர்கள் இன்றைக்கே ஒரு முறை கேட்டுப்பாருங்கள், யாருக்கும் தெரியாமல் எங்காவது முன்பணம் கட்டியிருக்கிறானா என்று.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
தண்டையார்பேட்டை, சென்னை.